கணினிப் பெட்டிக்குள் காற்றோட்டம்

மேசைக் கணினியொன்றை வாங்கும் குடும்பத்தினர் அதன் வேகம் யாது, நினைவகம் எவ்வளவு என்று பல வினாக்களை எழுப்புவர். அப்பெட்டியினுள் பிறக்கும் வெப்பம் எவ்வழியாக வெளியேறும் என்று வினவுவோர் மிகச் சிலரே. பிள்ளைகளின் படிப்புக்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொறி ஈராண்டில் மந்தமாவதும், பரீட்சைக்கு முன்னைய இரவில் திடீரென நின்றுவிடுவதும், பல வேளைகளில் இவ்வினாவைக் கேளாமையின் விளைவேயாம்.

கணினி உட்கொள்ளும் மின்சத்தி ஏறத்தாழ முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே மாறுகின்றது. 1989 இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 486 என்னும் முறைவழியாக்கி தொடக்கத்தில் பெரும்பாலும் விசிறியின்றியே இயங்கியது. 1993 இல் வந்த முதற் பென்ரியம் ஏறத்தாழ 15 வாற்று வலுவை உட்கொண்டது. அதற்கு விசிறி வேண்டியதாயிற்று. இன்றைய மேசைக் கணினிகளின் முறைவழியாக்கிகளோ பொதுவாக 65 முதல் 125 வாற்று வரை குறிக்கப்பட்டவை. அவற்றுட் சில முழு வேலையின்போது 200 வாற்றையும் கடப்பன. இத்துணை வெப்பம், தீப்பெட்டியளவினதான ஒரு பரப்பிலே பிறக்கின்றதெனின் அதன் கடுமையை உணரலாம்.

இவ்வெப்பம் முதலில் உலோகச் சிறகுத் தொகுதிக்குக் கடத்தப்படுகின்றது. இரண்டுக்குமிடையே பூசப்படும் பசை, கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்புகின்றது. காற்று வெப்பத்தை எளிதிற் கடத்தாதாகையால் அவ்விடைவெளிகள் இருத்தலாகாது. பின்னர் விசிறி அச்சிறகுகளின் வெப்பத்தைப் பெட்டியினுள்ளிருக்கும் காற்றிற் சேர்க்கின்றது. அத்துடன் வேலை முடிந்ததென எண்ணுதல் பிழை. அக்காற்று வெளியேறாவிடின், சூடேறிய காற்றே மீண்டும் மீண்டும் சுழலும். வெப்பநிலை 95 அல்லது 100 பாகை செல்சியசை அணுகும்போது முறைவழியாக்கி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். மேலும் ஏறின், நின்றுவிடும். நாம் குறைகூறும் மந்தம் இதுவே.

எவ்வளவு காற்று வேண்டும்? எளிய கணக்கொன்று இதனை விளக்கும். 300 வாற்று வெப்பத்தை வெளியேற்றும் காற்று 10 பாகை மட்டுமே சூடேறவேண்டுமாயின், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கன மீற்றர் காற்று பெட்டியூடாகச் செல்லவேண்டும். தூசியினாலே இவ்வோட்டம் பாதியாகக் குறைந்தால் 10 பாகை 20 பாகையாகும். அறையின் வெப்பநிலை 32 பாகையாயின் பெட்டிக் காற்று 52 பாகையை எட்டும். மின்வழங்கியிலுள்ள மின்பகு கொள்ளளவிகளின் ஆயுள், ஒவ்வொரு 10 பாகை ஏற்றத்துக்கும் ஏறத்தாழ அரைவாசியாகும் என்பது மின்னியலார் கொள்ளும் பொது விதி. ஆதலின் இப்பத்துப் பாகை சிறிதன்று.

காற்றின் வழியை ஒழுங்கு செய்தல் அரிய செயலன்று. குளிர்ந்த காற்று முன்புறத்தின் கீழ்ப்பகுதியால் உட்புகுந்து, சூடான காற்று பின்புறத்தின் மேற்பகுதியால் வெளியேறுதல் வேண்டும். அடுக்களையிற் கீழே யன்னலும் மேலே புகைக்கூடும் அமைப்பதும் இம்முறை பற்றியதே. விசிறிகள் ஒன்றுக்கொன்று எதிராகத் தொழிற்படலாகாது. விசிறியின் நடுப்பகுதியைத் தாங்கும் குறுக்குச் சட்டங்கள் உள்ள பக்கமே பெரும்பாலும் காற்று வெளிவரும் பக்கம். ஐயமிருப்பின், மெல்லிய தாட்கீற்றொன்றைப் பெட்டியின் வெளிப்புறக் கம்பிவலை அருகே பிடித்துப் பார்க்க: வலையோடு ஒட்டினால் காற்று உட்செல்கின்றது, விலகிப் பறந்தால் வெளிவருகின்றது. உட்செல்லும் காற்று வெளிவருவதிலும் சற்றே மிகுந்து, அவ்வாயிலில் வடிவலையும் இருப்பின், ஏனைய இடுக்குகளூடாகத் தூசி உட்புகுவது குறையும். வடங்களைக் காற்றின் வழியில் தொங்கவிடாது ஓரமாகக் கட்டுதல் நன்று.

பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிவைத்தாற் குளிர்ச்சி உண்டாகும் என்பார் பலர். அவ்வாறு கழற்றியதும் வெப்பநிலை பெரிதும் குறையின், அப்பெட்டிக்குப் போதிய காற்றுவாயில் இல்லை என்பதற்கு அது சான்றாகும். எப்போதும் திறந்தே வைத்தற்கு அஃது உத்தரவன்று. திறந்த பெட்டியில் தூசியும் எறும்பும் பல்லியும் குடிபுகும். கடற்கரையை அடுத்த ஊர்களில் உப்புக் காற்றும் உலோகத்தை அரிக்கும்.

விலையுயர்ந்த நீர்க்குளிர்த்தியை வாங்கவும் வேண்டுவதில்லை. அதுவும் வெப்பத்தை ஈற்றில் அறைக் காற்றிலேயே விடுகின்றது. எந்த விசிறியும் பெட்டியை அறையின் வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்கமாட்டாது. ஆகவே பிற்பகல் வெயில் படும் யன்னலோரமும், கதவடைத்த அலுமாரியும் கணினிக்கு உரிய இடங்களல்ல. இயங்கும்போது அழகுக்கென்று துணி போர்த்தலும் தகாது.

மூன்று திங்களுக்கு ஒருமுறை மின்னை நிறுத்தி, செருகியைச் சுவரிலிருந்து கழற்றியபின், உலர்ந்த மென்றூரிகையால் தூசியைத் துடைத்தல் வேண்டும். அப்போது விசிறியின் அலகுகள் சுழலாவண்ணம் விரலாற் பிடித்துக்கொள்க. வாயால் ஊதினால் எச்சிலின் ஈரம் பலகையிற் படியும். மின்வழங்கியின் கூட்டை மட்டும் வீட்டார் எவரும் திறத்தலாகாது. மின்னை நிறுத்திய பின்னும் அதனுள் ஆபத்தான மின்னேற்றம் எஞ்சியிருக்கக்கூடும்.

தூரிகை ஒன்றும் விசிறி ஒன்றும் வாங்கும் செலவு, புதிய கணினியின் விலையோடு ஒப்பிடுமிடத்து மிகச் சொற்பம். ஓய்வுள்ள வாசகர்கள் தம் வீட்டுக் கணினியின் பின்புறத்தே ஒருமுறை கையை வைத்துப் பார்ப்பார்களாக. அங்கே காற்று வீசவில்லையெனின், செய்யவேண்டிய வேலை இன்னதென்பது விளங்கும்.