மாவு கெடாமல் காக்கும் முறை



மாவைப் பற்றிப் பேச வானொலியில் ஒரு தனிப் பொழுது வேண்டுமா என்று உங்களில் சிலர் எண்ணலாம். மாவு அடுக்களைப் பொருள்தானே, அதில் நாம் கற்பதற்கு என்ன இருக்கிறது என்றும் கருதலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறே கருதியவன். அக்கருத்தை என்னிடமிருந்து நீக்கியவன் ஆறாம் வகுப்பில் படித்த ஒரு சிறுவன்.

அது 1998-ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியோடு சேர்ந்து ஒரு மாணவர் விடுதியும் இருந்தது. அங்கு வாரந்தோறும் கம்பை அரைவை ஆலைக்கு அனுப்பி மாவாக்கிக் கொண்டு வருவர். வண்டிக் கூலியை மிச்சப்படுத்தலாமே என்று எண்ணி, ஒரு மாதத்திற்கு வேண்டிய கம்பு முழுவதையும் ஒரே நாளில் அரைத்து வைக்குமாறு நான் ஆணையிட்டேன். பங்குனி மாதத்து வெயில் கடுமையாக இருந்த நேரம். பத்து நாட்கள் சென்றன. ஒரு நாள் காலை உணவு வேளையில் அச்சிறுவன் எழுந்து நின்று, "ஐயா, கூழ் கசக்கிறது" என்றான். உணவைப் பழிக்கலாகாது என்று அவனைக் கடிந்து அமரச் செய்தேன். மறுநாள் பல தட்டுகளில் கூழ் அப்படியே மிஞ்சிக் கிடந்தது. அப்பொழுதுதான் நானே ஒரு வாய் உண்டு பார்த்தேன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை. சமையல் செய்த அம்மையாரிடம் கேட்டபோது, "அரைச்சுப் பத்து நாளாச்சுங்களே ஐயா, கம்பு மாவு அத்தனை நாள் தாங்காதுங்க" என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது, நான் அவரைக் கேட்கவில்லை. அச்சிறுவனிடம் வகுப்பின் முன்னிலையிலேயே என் பிழையை ஒப்புக்கொண்டேன். அதன் பிறகே இப்பொருளைக் கற்கத் தொடங்கினேன்.

தானியமாக இருக்கும்போது பல மாதம் கெடாத கம்பு, மாவானதும் சில நாட்களில் கெடுவது ஏன்? தானியம் என்பது ஒரு விதை. அதனுள் முளைக்கருவும் மாச்சத்தும், வெளியே தோலும் உள்ளன. முளைக்கருவில் கொழுப்பு மிகுதி. அக்கொழுப்பும், அதனைச் சிதைக்கவல்ல நொதியும் முழு விதையில் தனித்தனியே அடங்கிக் கிடக்கின்றன. அரைக்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன. காற்றும் உடன் சேர்கிறது. கொழுப்புச் சிதைந்து கசப்பும் சிக்கு வாடையும் தோன்றுகின்றன. கம்பில் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவில் கொழுப்பு இருப்பதால் அதன் மாவு விரைவிற் கெடுகிறது. முழுக் கோதுமை மாவு அதனினும் சற்று நாள் தாங்கும். தோலும் முளைக்கருவும் நீக்கப்பட்ட மைதாவோ நெடுநாள் இருக்கும். கம்பை வறுத்து அரைத்தால் வெப்பம் அந்நொதியின் வலிமையைக் குறைக்கும். மாவும் கூடுதல் நாள் நிற்கும். நம் வீட்டுப் பெண்மக்கள் புட்டுக்கும் இடியாப்பத்திற்கும் மாவை வறுத்து வைப்பதிலும் பயன் உண்டு. ஈரம் குறைகிறது, உள்ளிருக்கும் பூச்சி முட்டைகளும் மடிகின்றன.

இனிப் பூச்சிகளைக் காண்போம். அரிசியிலும் கோதுமையிலும் காணப்படும் நீண்ட மூக்குடைய கூன்வண்டு, தானிய மணியைத் துளைத்து உள்ளே ஒரு முட்டையிட்டு, அத்துளையைப் பசை போன்ற ஒரு பொருளால் அடைத்துவிடும். வெளியே பார்ப்பவருக்கு மணி முழுமையாகவே தோன்றும். அத்தகைய தானியத்தை அரைத்தால் புழுவும் மாவோடு மாவாகிவிடும். மாவில் வாழும் செந்நிற வண்டோ வேறு வகையைச் சேர்ந்தது. அதன் முட்டைகள் ஒட்டும் தன்மை உடையவை. மாவுத்தூள் அவற்றின்மேல் படிந்து மூடிக்கொள்வதால் கண்ணுக்குப் புலப்படா. வெப்பமான நாட்களில் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குள் முட்டை வண்டாகிவிடும். ஒரு பெண் வண்டு தன் வாழ்நாளில் சில நூறு முட்டைகள் இடும். வண்டுகள் மிகும்போது அவை வெளியிடும் ஒரு வேதிப்பொருளால் மாவு இளஞ்சிவப்பாக மாறி நெடியடிக்கும். சலித்துவிட்டால் போதும் என்று நினைப்பது தவறு. வண்டு சல்லடையில் தங்கும். முட்டை மாவோடு இறங்கிவிடும். நெடியேறிய மாவு உண்ணத் தக்கதன்று.

பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் பொதுவான துணை ஈரம். பூச்சிகள் மூச்சுவிடுவதால் வெப்பமும் நீராவியும் உண்டாகின்றன. அந்த ஈரத்தில் பூஞ்சணம் வளர்கிறது. சில பூஞ்சணங்கள் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சைச் சுரக்கின்றன. 1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலைப் பிண்ணாக்கைத் தின்ற வான்கோழிகள் ஏறத்தாழ ஓர் இலட்சம் மடிந்தபோதுதான் அறிவியலார் இந்நஞ்சைத் தேடத் தொடங்கினர். நம் நாட்டிலேயே 1974-ஆம் ஆண்டில், இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி ஊர்களில், மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் கல்லீரல் நோயால் இறந்தனர். அவர்கள் உண்பதற்கு வேறு தானியம் இல்லாத ஏழை மக்கள். சாதாரணச் சமையல் வெப்பத்தால் இந்நஞ்சு அழியாது. ஆதலால் கட்டிபட்டு, பூஞ்சண வாடை வீசும் மாவை வெயிலில் காயவைத்து மீண்டும் பயன்படுத்தல் ஆகாது. கால்நடைக்கும் அதனை இடலாகாது.

காக்கும் வழிகள் எளியவை. முதலாவது, மாவைச் சிறிது சிறிதாக அரைத்து வைத்தல். இரண்டாவது, தானியத்தை நன்றாக உலர்த்துதல். பற்களுக்கிடையே கடித்தால் 'கடுக்'கென்று ஒடிய வேண்டும் என்பர் உழவர். நெடுநாள் வைக்கும் தானியத்தில் ஈரம் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குக்கு மேற்படாதிருத்தல் நலம். உலர்த்தியதை ஆறவிட்டே கலத்தில் இட வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியின் உட்புறம் வியர்த்து ஈரம் திரும்பிவிடும். மூன்றாவது, இறுக மூடும் கலம். நான்காவதே பலரும் தவறவிடுவது: பழைய மாவின்மேல் புதிய மாவைக் கொட்டுதல் கூடாது. டப்பாவைக் காலி செய்து, கழுவி, நன்கு உலர்த்திய பின்னரே புதியதை இட வேண்டும். இல்லையேல் அடியில் எஞ்சிய ஒரு பிடி மாவே புதியது முழுவதையும் கெடுக்கும். மூட்டையாயின் தரையிலும் சுவரிலும் படாமல் மரச்சட்டத்தின்மேல் அடுக்க வேண்டும்.

வேப்பிலை, நொச்சி, வசம்பு முதலியன பூச்சிகளை ஓரளவு அண்டவிடா. ஆயினும் முன்பே உள்ளே இருக்கும் முட்டைகளை அவை போக்கிவிடும் என்று நம்புதல் கூடாது. இலைகளை நிழலில் உலர்த்தியே இட வேண்டும். பச்சை இலை ஈரத்தையே சேர்க்கும். உறைபெட்டி உள்ள வீட்டினர் மாவை நான்கு நாட்கள் அதில் வைத்தால் முட்டைகளும் மடியும். வெளியே எடுத்தபின் குளிர் முற்றும் நீங்கும்வரை உறையைப் பிரித்தலாகாது. பிரித்தால் காற்றின் ஈரம் மாவில் படியும். கேக் செய்வதற்கென்று பேக்கிங் பவுடர் கலந்து விற்கும் மாவுக்கு இவ்வெச்சரிக்கை மேலும் தேவை. அதிலுள்ள சோடாவும் அமில உப்பும் ஈரம் பட்டால் டப்பாவிலேயே வினைபுரிந்து, கரியமில வாயு வீணே போய்விடும். பூச்சி ஒன்றும் இல்லாவிடினும் கேக் எழும்பாது. தனிப் பேக்கிங் பவுடராயின், ஒரு கரண்டி வெந்நீரில் சிறிதளவு இட்டுப் பாருங்கள். பொங்கி நுரைத்தால் நன்று.

இறுதியாக ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கிடங்குகளில் தானியத்துக்கு இடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளைச் சிலர் அறியாமையால் வீட்டு மூட்டைகளிலும் இடுகின்றனர். காற்றின் ஈரம் பட்டதும் அம்மாத்திரையிலிருந்து பாஸ்பீன் என்னும் கொடிய வாயு வெளிப்படும். மூடிய அறையில் உறங்குவோரின் உயிரையே அது பறிக்கவல்லது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. பயிற்சி பெற்றோர் மட்டுமே, மக்கள் வாழாத இடத்தில் கையாளவேண்டிய பொருள் அது. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ அதனைக் கண்டால் தொடாதீர்கள். பெரியோரிடம் உடனே கூறுங்கள். அவர்கள் பொருட்படுத்தாவிடினும் மீண்டும் கூறுங்கள். சிறுவன் சொல்தானே என்று தள்ளியவன் நான். அத்தவற்றைப் பிறர் செய்ய விடாதீர்கள்.

இன்று மாலை வீட்டிலுள்ள மாவு டப்பாவைத் திறந்து நிறத்தைப் பாருங்கள், மணத்தை நுகருங்கள், அடிவரை கிளறிப் பாருங்கள். கண்டதை அன்னையாரிடம் கூறுங்கள். அவர் அறிந்ததையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.