களம் வரையும் கை: சுடும் விளையாட்டுகளும் திருகோணமலையும்

திருகோணமலைப் பிரெட்ரிக் கோட்டை வாயிலூடாகக் கோணேசர் கோயிலுக்குச் செல்வோர் ஒன்றை அவதானிக்கலாம். அங்குள்ள மதிலும் வாயிலும் கொத்தளமும் அழகு கருதி அமைந்தவையல்ல. பகைவர் எவ்வழியே வருவர், எங்கிருந்து அவரைக் காணலாம், எங்கிருந்து சுடலாம் என்னும் கணக்கே அங்கு கல்லாக உருப்பெற்றுள்ளது. 1620களில் போர்த்துக்கேயர் தாம் இடித்த கோயிலின் கற்களைக் கொண்டே இக்கோட்டையை எழுப்பினர். பின்வந்த ஒல்லாந்தரும் பிரித்தானியரும் அதனைத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தினர். களத்தை வரைந்தவர் வேறு. அதில் வாழ்ந்தவர் வேறு.

இதே கணக்கை இன்று கணினித் திரையில் இளைஞர் எவரும் வரையலாம். சுடும் வீடியோ விளையாட்டுகள் சில, விளையாடுவோரே தமக்கான களத்தை ஆக்கிக்கொள்ள இடமளிக்கின்றன. இதன் தன்மையை விளக்க 1993 இல் அமெரிக்காவின் இட் சொப்ட்வெயர் நிறுவனம் வெளியிட்ட ‘டூம்’ விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் விளையாட்டை இயக்கும் நிரலும், களங்கள் முதலிய தரவுகளும் வெவ்வேறு கோப்புகளில் இருந்தன. எனவே, நிரலைத் தொடாமலே களத்தை மாற்ற முடிந்தது. 1994 இலேயே ஆர்வலர் அதற்குரிய வரைகருவிகளை உருவாக்கிவிட்டனர்.

செயன்முறை எளிது. முதலில் புள்ளிகள்; அவற்றை இணைக்கும் கோடுகள்; கோடுகளால் அடைபடும் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் தரையின் உயரம், கூரையின் உயரம், ஒளியின் அளவு ஆகியன குறிக்கப்படும். பின்னர் ஆயுதங்களையும் எதிரிகளையும் உரிய இடங்களில் வைக்க வேண்டும். வெறும் நுகர்வோனாக இருந்தவன் இவ்வாறு ஆக்குவோனாகின்றான். இம்மாற்றத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும், இச்சுதந்திரத்தின் எல்லைகளையும் நோக்குதல் வேண்டும். முதலாவது, கருவியின் எல்லை. டூம் களம் மேலிருந்து நோக்கும் தளவரைபடமாதலின், ஓர் அறையின் மீது மற்றோர் அறையை அமைக்க அதில் இயலாது. சுவாமிமலையின் உயரத்தை அதில் காட்டலாம். கோட்டை வாயிலைக் கடந்து, அதன் மேல்தளத்தில் ஏறி நிற்க வழி செய்ய முடியாது.

இரண்டாவது, உடைமையின் எல்லை. ஆர்வலர் ஆக்கிய களங்கள் 1996 இல் ‘பைனல் டூம்’ என்னும் பெயரில் விற்பனைப் பண்டமாயின. 1999 இல் இருவர் ‘ஹாஃப்-லைஃப்’ விளையாட்டைத் திருத்தி உருவாக்கிய ‘கவுண்டர்-ஸ்ட்ரைக்’, அடுத்த ஆண்டே வால்வ் நிறுவனத்தின் உடைமையாயிற்று. ஓய்வுநேர உழைப்பு மூலதனத்தினுள் சென்று சேரும் வழி இதுவே. இராணுவமும் வாளாவிருக்கவில்லை. 1996 இல் அமெரிக்க மரைன் படையினர் டூமின் இரண்டாம் பாகத்தைத் தம் பயிற்சிக்கேற்பத் திருத்தியமைத்தனர்.

மூன்றாவது எல்லையே எம்மை அதிகம் சிந்திக்கவைப்பது. களத்தில் வைக்கத்தக்க பொருட்களின் பட்டியல் முன்னரே வகுக்கப்பட்டுள்ளது. டூமின் பட்டியலில் துப்பாக்கி உண்டு, வெடிமருந்து உண்டு, மருந்துப்பெட்டி உண்டு, சுடவேண்டிய எதிரி உண்டு. பூத்தட்டுடன் கோயிலுக்கு நடக்கும் முதியவள் இல்லை. கோட்டையுள் மேயும் புள்ளிமான் இல்லை. வலை உலர்த்தும் மீனவர் இல்லை. ஓர் இளைஞன் தன் நகரத்தை எத்துணை நுணுக்கமாக வரையினும், அது குடிகளற்ற நகரமாகவே அமையும். துறைமுகத்தை வரைந்த பேரரசுகளின் பார்வையும் இதுவேயன்றோ?

2006 சனவரி 2 ஆம் நாள் கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்ட நகரம் இது. சூடுபடுவது யார் என்னும் வினா இங்கு விளையாட்டன்று. ஆதலால் இக்கருவிகளைத் தடைசெய்யக் கோருவது எம் கருத்தெனக் கொள்ளற்க. அவற்றை எம் இளைஞர் கற்கவேண்டும். இடம் என்பது எவ்வாறு திட்டமிட்டு ஆக்கப்படுகிறது என்பதை அவை கைப்பட உணர்த்துகின்றன. டூமின் மூலநிரல் 1997 இல் வெளியிடப்பட்டமையால், வகுத்தளிக்கப்பட்ட பட்டியலையே மாற்றுதல் இன்று இயலும். களத்தை வரையும் உரிமையோடு நாம் அமைந்துவிடலாகாது. அதில் யார் இடம்பெறுவர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையையும் கோருதல் வேண்டும்.