முள் காட்டாத தண்ணீர்

ஏர் பிரேக் பொருத்திய மோட்டார் ஹோமின் டேஷ்போர்டில் காற்றழுத்தத்தைக் காட்ட இரண்டு முட்கள் இருக்கும். எஞ்சினைக் கிளப்பிச் சில நிமிடங்களில் இரண்டும் 120 பி.எஸ்.ஐ.க்கு ஏறி நிற்கும். ஓட்டுபவர் அதைப் பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். அந்த முட்கள் சொல்வது டேங்கில் உள்ள காற்றின் அழுத்தத்தை மட்டுமே. எவ்வளவு காற்று இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. டேங்கில் பாதிக்குத் தண்ணீர் நின்றாலும் முள் அதே 120-ஐத்தான் காட்டும்.

பாதி டேங்க் காற்றுக்கும் முழு டேங்க் காற்றுக்கும் உள்ள வித்தியாசம் மலை இறக்கத்தில்தான் தெரியவரும். ஒவ்வொரு முறை பெடலை மிதிக்கும்போதும் டேங்கிலிருந்து கொஞ்சம் காற்று பிரேக் சேம்பர்களுக்குப் போய், காலை எடுத்ததும் வெளியே போய்விடுகிறது. அதனால்தான் அமெரிக்காவில் 1975-இல் நடைமுறைக்கு வந்த ஏர் பிரேக் பாதுகாப்பு விதி, பிரேக் சேம்பர்களின் மொத்தக் கொள்ளளவைப் போல் குறைந்தது 12 மடங்கு கொள்ளளவு டேங்குகளுக்கு இருக்க வேண்டும் என்கிறது. ஒவ்வொரு டேங்கிலும் கையால் திறக்கக்கூடிய வடிகால் வால்வு இருக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். விதியை எழுதியவர்களுக்குத் தண்ணீர் சேரும் என்பது தெரிந்திருந்தது. அந்த 12 மடங்கில் ஒரு பங்கைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், அவசரத்துக்கென்று வைத்த இருப்பு அந்த அளவுக்குக் குறைந்துபோகிறது. ஓட்டுபவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

எல்லா மோட்டார் ஹோமுக்கும் இது பொருந்தாது. பெட்ரோல் எஞ்சினை முன்னால் வைத்த வண்டிகள் பெரும்பாலும் ஹைட்ராலிக் பிரேக்கில் ஓடுபவை. நான் சொல்வது, டீசல் எஞ்சினைப் பின்புறம் வைத்துப் பேருந்து போல நீண்டிருக்கும் பெரிய வண்டிகளை. சாமான், தண்ணீர்த் தொட்டி, எரிபொருள் எல்லாம் சேர்ந்து 15 முதல் 20 டன் வரை எடை வரும். அதை நிறுத்துவது காற்று.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எங்கும் ஒழுகி வரவில்லை. நாம் மூச்சு விடும் காற்றில்தான் இருக்கிறது. 30 டிகிரி வெப்பத்தில், 70 சதவீத ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறக்குறைய 21 கிராம் நீராவி உண்டு. அதைக் கம்ப்ரசர் 120 பி.எஸ்.ஐ.க்கு அழுத்தும்போது கன அளவு ஒன்பதில் ஒரு பங்குக்குச் சுருங்குகிறது. அழுத்தப்பட்ட காற்று சூடாகக் கிளம்பினாலும், குழாய் வழியே போய் டேங்கில் ஆறிவிடும். ஆறியபின் அந்தச் சிறிய அளவுக் காற்றால் 3 கிராமுக்குச் சற்று மேல்தான் நீராவியைத் தாங்க முடியும். மிச்சமுள்ள 17, 18 கிராமும் தண்ணீராக இறங்கியே ஆக வேண்டும். மெக்சிகோ வளைகுடாக் கரையில் கோடையில் ஓடும் வண்டி நாள் முழுக்க இதைச் செய்துகொண்டே இருக்கிறது. கம்ப்ரசரின் சிலிண்டரைத் தாண்டி வரும் கொஞ்சம் எண்ணெயும் இதனுடன் சேர்ந்துகொள்ளும்.

இதைத் தடுக்கக் கம்ப்ரசருக்கும் டேங்குக்கும் நடுவில் ஏர் டிரையர் வைக்கிறார்கள். அதற்குள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் மணிகள் நிரம்பிய கார்ட்ரிட்ஜ் இருக்கும். அழுத்தம் மேல் எல்லையைத் தொட்டதும் ‘புஸ்’ என்று ஒரு சத்தம் கேட்குமே, அதுதான் டிரையர் தான் பிடித்த தண்ணீரையும் எண்ணெயையும் வெளியே தள்ளும் நேரம். சென்னையில் பேருந்துக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் பழகிய சத்தம் இது. ஆனால் கார்ட்ரிட்ஜில் உள்ள மணிகளுக்கு ஆயுள் உண்டு. எண்ணெய் படிந்தால் இன்னும் சீக்கிரம் தீரும். மோட்டார் ஹோம்களுக்குப் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கார்ட்ரிட்ஜை மாற்றச் சொல்கிறார்கள். கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்ப்பவர், ‘வண்டி அதிகம் ஓடவில்லையே’ என்று பத்து வருடம் விட்டுவிடுகிறார். மணிகள் தீர்ந்தாலும் டிரையர் அதே ‘புஸ்’ சத்தத்தைப் போட்டுக்கொண்டுதான் இருக்கும். சத்தம் வருவதால் வேலை நடக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

மோட்டார் ஹோமின் தனி ஆபத்து அது சும்மா நிற்பதில் இருக்கிறது. சரக்கு லாரி தினமும் ஓடுகிறது. அதை ஓட்டுபவர் பயிற்சி பெற்றவர். பட்டறை அடிக்கடி பார்க்கிறது. மோட்டார் ஹோம் ஆண்டில் பல மாதங்கள் கொட்டகையில் நிற்கும். நிற்கும் வண்டியில் அழுத்தம் மெல்ல இறங்கும், தண்ணீர் இறங்காது. இரும்பு டேங்கின் அடியில் தேங்கி, துருவையும் எண்ணெயையும் சேர்த்துக்கொண்டு பழுப்புக் குழம்பாகிறது. அடுத்த பயணத்தில் அது வால்வுகளுக்குள் போகும். ரப்பர் சீல்கள் எண்ணெயில் ஊறி உப்பும், துருத்துகள் வால்வின் இருக்கையில் மாட்டும், பெடலை மிதித்ததும் வர வேண்டிய பிரேக் ஒரு நொடி தாமதித்து வரும்.

சிலர் நல்லெண்ணத்தில் மாதம் ஒருமுறை எஞ்சினைக் கிளப்பிப் பத்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கிறார்கள். இதனால் பிரேக்குக்கு நன்மை இல்லை. கம்ப்ரசர் சூடேறும் முன்பே ஈரக் காற்றையும் எண்ணெயையும் தள்ளிவிட்டு நின்றுவிடுகிறது. ஓட்டுவதென்றால் சாலையில் அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். இல்லையென்றால் தொடாமல் விடுவதே மேல்.

குளிர்காலத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு நம்பிக்கையைப் பார்த்துவிடலாம். ‘காற்று போனால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், ஏர் பிரேக் அதனால்தான் பாதுகாப்பானது’ என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ரயிலுக்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872-இல் கொண்டுவந்த தானியங்கி பிரேக் அந்தத் தத்துவத்தில்தான் இயங்கியது. சாலை வண்டியில் கதை பாதிதான் அப்படி. காலால் மிதிக்கும் பிரேக் காற்றின் பலத்தால் பிடிப்பது. காற்று குறைந்தால் அதன் பிடியும் குறையும். காற்றழுத்தம் 20-க்கும் 45 பி.எஸ்.ஐ.க்கும் இடையே இறங்கினால் பின் சக்கரங்களில் உள்ள ஸ்பிரிங் பிரேக், ஓட்டுபவரின் விருப்பத்தைக் கேட்காமல் முழு பலத்துடன் பிடிக்கும். வழுக்கும் சாலையில் அது நடந்தால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரும் சொல்ல முடியாது.

பனிக்கட்டி செய்வது இதைவிட மோசம். ஈரமான தெற்கிலிருந்து கிளம்பி ராக்கி மலைக்கு ஏறும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். டென்வருக்கு மேற்கே நெடுஞ்சாலை 70-இல் உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரு பக்கமும் நீண்ட செங்குத்தான இறக்கம். இரவு முழுக்க உறைபனியில் நின்ற வண்டியில் வால்வுக்குள் தேங்கிய ஒரு ஸ்பூன் தண்ணீர் கட்டியாகிவிட்டது என்றால், காற்று கட்டிக்குப் பின்னால் நிற்கும். டேங்கில் அழுத்தம் குறையவில்லை, அதனால் முள் 120-இல் நிற்கும். எச்சரிக்கை மணி அடிக்காது. அழுத்தம் இருப்பதால் ஸ்பிரிங் பிரேக்கும் தானாகப் பிடிக்காது. பெடலை மிதித்தால் சக்கரத்துக்குக் காற்று போய்ச் சேராது. பாதுகாப்புக்காக வைத்த ஒவ்வொன்றும் அழுத்தக் குறைவை எதிர்பார்த்து நிற்கிறது. இங்கே அழுத்தம் குறையவே இல்லை.

டிரையரில் தண்ணீர் உறையாமல் இருக்கச் சிறிய மின் ஹீட்டர் உண்டு. குளிர் தொடங்கும் முன் அது வேலை செய்கிறதா என்று பட்டறையில் பார்க்கச் சொல்லுங்கள். டேங்கில் ஆல்கஹால் ஊற்றும் பழைய வழக்கத்தை டிரையர் உள்ள வண்டியில் செய்யாதீர்கள். அது மணிகளைக் கெடுக்கும்.

இவ்வளவு தெரிந்திருக்க வேண்டிய வண்டியை ஓட்ட அமெரிக்காவின் பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமமே போதும். 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் எடையுள்ள ஏர் பிரேக் சரக்கு லாரியை ஓட்டுபவர் வணிக உரிமத்துக்காக ஏர் பிரேக் தேர்வு எழுத வேண்டும், செய்தும் காட்ட வேண்டும். சொந்தச் சுற்றுலாவுக்கு ஓட்டுபவருக்கு அந்தக் கட்டாயம் பெரும்பாலும் இல்லை. கலிஃபோர்னியா போன்ற சில மாநிலங்கள் நீளத்தை வைத்து வேறு வகுப்பு உரிமம் கேட்கின்றன. கனடாவின் ஆன்டாரியோவில் ஏர் பிரேக்குக்கென்றே தனி அனுமதி வாங்க வேண்டும். எனக்குச் சரியாகப் படுவது அந்த வழிதான். 2003 ஏப்ரலில் பென்சில்வேனியாவின் கிளென் ராக்கில் ஒரு டிப்பர் லாரி பிரேக் பிடிக்காமல் நான்கு கார்கள் மீது மோதி இருவர் இறந்தார்கள். அது மோட்டார் ஹோம் அல்ல. காரணம் தண்ணீரும் அல்ல. ஆனால் அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது என்ன? ஏர் பிரேக் பயிற்சி இல்லாத ஓட்டுநர், சரியாகப் பராமரிக்காத பிரேக். இந்த இரண்டும் சேர்வது லாரிகளில் மட்டும் இல்லை.

சரி, டேங்கை எப்படி வடிப்பது? வழக்கமாக மூன்று டேங்குகள் இருக்கும். டிரையரிலிருந்து காற்று முதலில் வந்து சேருவது வெட் டேங்க். பிறகுதான் முன், பின் பிரேக்குகளுக்கான இரண்டு டேங்குகள். முதலில் வெட் டேங்கை வடிக்க வேண்டும், அதன் ஈரம் மற்ற இரண்டுக்கும் போகாமல் இருப்பதற்காக. சில வண்டிகளில் ஒரே உடலுக்குள் இரண்டு அறைகளாகப் பிரித்திருப்பார்கள். உங்கள் சேசிஸின் கையேடுதான் கடைசி வார்த்தை. டிரையர் இல்லாத வண்டியில் ஒவ்வொரு நாள் ஓட்டம் முடிந்ததும் வடிக்க வேண்டும். நல்ல டிரையர் உள்ள வண்டியில் மாதம் ஒருமுறை திறந்து பார்த்தால் போதும், நீண்ட நாள் நிறுத்தும் முன் கட்டாயம். தானியங்கி வடிகால் வால்வு இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம்; அதுவும் அடைத்துக்கொள்ளும்.

பல வண்டிகளில் வால்விலிருந்து ஒரு கம்பியையோ கயிற்றையோ ஓரத்துக்குக் கொண்டுவந்திருப்பார்கள். முகத்தை நேராக வைக்காமல், கண்ணாடி அணிந்து, இழுத்துப் பிடியுங்கள். அடியில் ஒரு வெள்ளை அட்டையை வைத்தால் வருவது தெளிவாகத் தெரியும். வெறும் காற்று வந்தால் நல்லது. சில துளி என்றால் குறித்துவைத்து அடுத்த மாதம் பாருங்கள். தண்ணீர் ஓடி வந்தால் கார்ட்ரிட்ஜ் முடிந்துவிட்டது. பால் போல் கலங்கி வந்தாலோ, கறுப்பாகப் பிசுபிசுத்து வந்தாலோ எண்ணெய் வருகிறது. கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரம் கெடும், கம்ப்ரசரைப் பார்க்க வேண்டும். கயிற்றை விட்டபின் வால்வு கசிந்தால் இன்னொரு முறை இழுத்து விடுங்கள், இருக்கையில் மாட்டிய தூசி போய்விடும். அப்படியும் கசிந்தால் வால்வை மாற்றுங்கள்.

கயிறு இல்லையென்றால் என்ன செய்வது என்பதில்தான் உயிர் போகும் அபாயம் இருக்கிறது. வால்வைத் தேடி வண்டிக்கு அடியில் தவழ்ந்து போகாதீர்கள். இந்த வண்டிகள் நிற்பது காற்றுப் பைகள் மேல். ஒரு பையோ குழாயோ வெடித்தால், லெவலிங் வால்வு காற்றை விட்டால், சேசிஸ் ஒரு நொடியில் பல அங்குலம் இறங்கிவிடும். அடியில் கிடப்பவருக்கு உருண்டு வர நேரம் இருக்காது. முகாமில் வண்டியைச் சமமாக நிறுத்தும் ஹைட்ராலிக் ஜாக்குகள் அடியில் வேலை செய்வதற்கான தாங்கிகள் அல்ல, அவையும் இறங்கும். சட்டகத்துக்கு நேர் கீழே, அந்த எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகள் வைத்துச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தபின்தான் யாரும் கீழே போகலாம். அந்த வசதி வீட்டில் இருக்காது. பட்டறைக்குக் கொண்டுபோய் மூன்று டேங்குக்கும் இழுப்புக் கம்பி பொருத்தச் சொல்லுங்கள். பின் சக்கரத்தருகே பட்டை போட்டு இறுக்கிய ஸ்பிரிங் சேம்பரை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது. உள்ளே சுருட்டி வைத்த ஸ்பிரிங் விடுபட்டால் ஆளைக் கொல்லும்.

வடித்தபின் சோதனை. சமதளத்தில் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, அழுத்தத்தை முழுதாக ஏற்றி, எஞ்சினை அணைத்துச் சாவியை ஆனில் வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. பெடலை முழுதாக மிதித்துப் பிடித்து இன்னொரு நிமிடம் பார்த்தால் 3-க்கு மேல் இறங்கக் கூடாது. பிறகு பெடலை விட்டு விட்டு மிதித்துக் காற்றைக் குறையுங்கள். 60-ஐ ஒட்டி எச்சரிக்கை ஒலிக்க வேண்டும், 45-க்கும் 20-க்கும் இடையே பார்க்கிங் பிரேக்கின் மஞ்சள் குமிழ் தானாக வெளியே வர வேண்டும். மறுபடி எஞ்சினைக் கிளப்பினால் 85-இலிருந்து 100-க்கு 45 நொடிக்குள் ஏற வேண்டும். அதிக நேரம் எடுத்தால் கம்ப்ரசரிலோ குழாயிலோ கோளாறு என்று எல்லோருக்கும் புரிகிறது. வழக்கத்தைவிட வேகமாக ஏறினால் யாரும் கவலைப்படுவதில்லை. டேங்கில் தண்ணீர் இடத்தை அடைத்திருந்தால் காற்று நிரம்ப வேண்டிய இடம் குறைவு, அதனால் முள் சீக்கிரம் ஏறும். உங்கள் வண்டி எத்தனை நொடி எடுக்கிறது என்பதை டேங்குகள் வறண்டிருக்கும் நாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மோட்டார் ஹோம் வாங்கப் போகிறவர்கள் சமையலறை மேடையையும் படுக்கையையும் பார்க்கும் முன் இதைக் கேட்க வேண்டும்: டிரையர் கார்ட்ரிட்ஜ் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது, ரசீது இருக்கிறதா? பிறகு விற்பவரையே மூன்று கயிறுகளையும் உங்கள் கண்முன் இழுக்கச் சொல்லுங்கள். கயிறு எங்கே இருக்கிறது என்றே அவருக்குத் தெரியவில்லை என்றால், ஏர் பிரேக் தெரிந்த மெக்கானிக் ஒருவர் டேங்கிலிருந்து சக்கரம் வரை பார்த்துச் சொல்லும்வரை அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவும் ஏறாதீர்கள்.