அலையை ஏமாற்றலாமா?

தில்லையடியை ஒட்டிய புத்தளம் களப்பில் ஊன்றிய கம்பில் காற்று கிளப்பும் சிற்றலை மோதினால், வளையங்களாகச் சிதறும். அதே கம்பை நீண்ட அலை கடக்கும்போது, கம்பு அங்கே இருந்ததற்கான தடயமே இராது. தடையைவிட அலைநீளம் மிகப் பெரிதானால் சிதறல் அற்பமாகிவிடும். மிகச் சிறு துகள்களில் ஒளியின் சிதறல் அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் அமையும் என்று 19ஆம் நூற்றாண்டில் ரேலே பிரபு கணக்கிட்டார். வானம் நீலமாயிருப்பது இதனால்தான்.

ஒரு பொருள் கண்ணில் படுவதும் ராடாரில் சிக்குவதும் அது அலையைக் கலைப்பதாலேயே. கலையாமல் சுற்றி வரவைத்து, மறுபக்கத்தில் பழையபடி சேர்த்து அனுப்பினால் பொருள் மறைந்துவிடும். இதற்கான கணிதத்தை 2006இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஜோன் பென்ட்ரி குழுவினரும், தனியாக உல்ஃப் லியோன்ஹார்ட்டும் வெளியிட்டனர். வெளியின் ஒரு புள்ளியை இழுத்து விரித்துத் துளையாக்குவதாகக் கற்பனை செய்யுங்கள். ஆயத்தளத்தை இப்படி மாற்றினாலும் மக்ஸ்வெல் சமன்பாடுகளின் வடிவம் மாறாது. மாறுவது, அந்த இடத்தை நிரப்பும் பொருளுக்கு இருக்கவேண்டிய மின், காந்தப் பண்புகள் மட்டுமே. அவ்வாண்டு அக்டோபரிலேயே அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்மித் குழுவினர், இடைவெளி விட்ட நுண்ணிய உலோகக் கண்ணிகள் பதித்த வளையங்களால் ஒரு செப்பு உருளையை 8.5 கிகாஹேர்ட்ஸ் நுண்ணலையிடமிருந்து ஓரளவு மறைத்துக் காட்டினர்.

வேதியியலால் அன்றி வடிவமைப்பால் பொருளின் குணத்தை மாற்றும் இந்த வழிக்கு நம் பக்கத்து முன்னோடி ஒருவர் உண்டு. 1898இல் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சணல் நாரை முறுக்கிக் கட்டி, மின்னலையின் முனைவாக்கத் தளத்தையே திருப்பினார். முறுக்கின் திசையை மாற்ற, திரும்பும் திசையும் மாறியது.

ஆனால் அலையைச் சுற்றி அனுப்பி மறைக்கும் இந்த மாயப் போர்வைக்கு இரண்டு கட்டுப்பாடுகள். அலை உள்ளே நுழையாததால், ஒளிந்திருப்பவருக்கும் வெளியே எதுவும் தெரியாது. அடுத்தது நேரம். சுற்றி வரும் அலை, நேரே வரும் அலையுடன் ஒரே கணத்தில் சேரவேண்டும். வெற்றிடத்தில் அதற்கு ஒளியை மிஞ்சும் வேகம் வேண்டும். அலைமுகடுகள் அப்படி ஓடலாம், ஆனால் செய்தியோ ஆற்றலோ ஓட முடியாது. எனவே எல்லா நிறத்துக்கும் ஒருசேர மறைப்பது இயலாது. குறுகிய அதிர்வெண் பட்டை ஒன்றே கிடைக்கும்.

கடலலைக்கு இந்தத் தடை இல்லை. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. ஆழத்தைக் கூட்டினால் வேகமும் கூடும். 2008இல் பிரான்சின் மார்சேய் ஆய்வாளர்கள், வட்டமாக நிறுத்திய தூண்களின் நடுவே இருப்பதை நீரலையிடமிருந்து மறைக்க முடியும் என்று தொட்டிச் சோதனையில் காட்டினர். இறங்குதுறையை இப்படிக் காக்கலாமே என்று தோன்றும். இங்கேதான் கவனம் வேண்டும். போர்வை அலையை அழிப்பதில்லை, முழு வலுவோடு பின்னாலுள்ளவர்மேல் அனுப்பிவிடுகிறது. 2004 சுனாமி கிழக்கிலிருந்து வந்து, இலங்கைத் தீவைச் சுற்றி வளைந்து, மேற்கே களுத்துறையையும் தாக்கியது. சுற்றிப் போகும் அலைக்கு வலு இல்லையென்று நினைக்க முடியாது.

களப்போரக் கண்டல் வேர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது. அலையைத் தாறுமாறாகச் சிதறடித்து, உராய்வில் அதன் ஆற்றலைக் கரைக்கின்றன. தன்னை மட்டும் காப்பது ராடாரிடமிருந்து தப்பும் விமானத்துக்குப் போதும். பின்னால் ஊர் இருக்கும் கரைக்கு அலையைக் குலைப்பதுதான் தேவை. கண்டல் வெட்டப்படாமல் இருந்தால் அந்த வேலை செலவின்றி நடக்கும்.