பிரிக்க வருகிற மாதிரி தையுங்கள்

டீயை எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. சட்டையை இப்படி மேசைமேல் விரித்து வையுங்கள். பேட்ஜுகளையும் உறையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் பரப்புவோம். தையல் கடையில் கொடுத்தால் பத்து நிமிஷ வேலை, எனக்கும் தெரியும். இருந்தாலும் வீட்டிலேயே, கையாலேயே தையுங்கள் என்றுதான் சொல்வேன். மிச்சமாகும் காசுக்காக இல்லை. சாரணர் சட்டையில் ஏறுகிற பேட்ஜுகளில் பெரும்பாலானவை ஒருநாள் இறங்க வேண்டியவை. அதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த நூல், எந்தத் தையல், எவ்வளவு இறுக்கம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வந்துவிடும்.

முதலில் எது எங்கே என்று பார்ப்போம். பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் சாம்பல் நிறச் சட்டையில் இரண்டு பைகள். இடது பையின் நடுவில் உறுப்பினர் சின்னம்: பச்சைத் துணியில் மஞ்சள் நிற அல்லி இதழ் வடிவம், அதன்மேல் மூவிலை, நடுவே அசோகச் சக்கரம். வலது பையின் நடுவில் உலகச் சாரணர் சின்னம்: ஊதாத் துணியில் வெள்ளை இதழ், சுற்றிலும் ஒரு கயிறு, கயிற்றின் இரு முனைகளும் அடியில் ஒரு முடிச்சில் சேர்கின்றன. உங்கள் பையனிடம் அந்த முடிச்சைக் காட்டுங்கள். அதன் பெயர் ரீஃப் முடிச்சு. இன்னும் கொஞ்ச நாளில் அவனே அதைப் போடக் கற்றுக்கொண்டுவிடுவான். உங்கள் அண்ணன் மகள் சாரணியராகச் சேர்ந்தால் அவளுக்கு உலகச் சின்னம் வேறு, நீலத்தில் பொன்னிற மூவிலை.

இரண்டு தோள்களிலும், கையை மூட்டியிருக்கும் தையலுக்குச் சற்றுக் கீழே, இயக்கத்தின் பெயர் எழுதிய வளைந்த பட்டை வரும். இடது தோளில் அவனுடைய அணியின் நிறப்பட்டை. இடது கையில் படிநிலைச் சின்னம், வலது கையில் திறன் சின்னங்கள். உங்கள் பள்ளியின் சாரண ஆசிரியர் இதில் ஏதாவது திருத்தம் சொன்னால் அவர் சொல்கிறபடியே செய்யுங்கள். விதிநூல் அவரிடம் இருக்கும், அவ்வப்போது மாறுவதும் அவருக்குத்தான் தெரியும்.

ஒன்றை இன்றைக்குத் தொடாதீர்கள். இடது பைக்கு உரிய அந்தப் பச்சை பேட்ஜ். அவன் இன்னும் உறுதிமொழி எடுக்கவில்லை அல்லவா? தொடக்க நிலையான பிரவேஷை முடித்து, கொடிக்கு முன் நின்று உறுதிமொழி சொன்ன பிறகுதான் அது அவனுக்கு உரியதாகும். கடையில் வாங்கிய அன்றே எல்லாவற்றையும் தைத்து அனுப்பிவிடும் பெற்றோர் உண்டு. ஆசையில் செய்கிறார்கள். ஆனால் விழா அன்று ஆசிரியர் அணிவிக்கும்போது பிள்ளையின் முகம் மலருமே, அது இல்லாமல் போய்விடுகிறது.

அந்தச் சின்னம் இந்தியப் பிள்ளைகளின் சட்டைக்கு வந்து சேர்ந்ததற்கே ஒரு கதை உண்டு. சாரணர் இயக்கத்தை நிறுவிய பேடன் பவல் 1907-இல் பிரவுன்சீ தீவில் முதல் முகாமை நடத்தினார். இரண்டே வருஷத்தில், 1909-இல், பெங்களூரில் சாரணர் குழு தொடங்கிவிட்டது. ஆனால் அதில் ஆங்கிலேய, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம். நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அன்னி பெசன்ட் அம்மையார் 1916-இல் நம் சென்னையில் இந்தியச் சிறுவர்களுக்கென்று தனிச் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். சீருடையில் தலைப்பாகை வைத்தார், இந்தியப் பாட்டுகளைப் பாட வைத்தார். 1921-இல் பேடன் பவல் இந்தியா வந்தபோதுதான் அந்தச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. அதன் பிறகும் பிரிந்தே கிடந்த சாரணர் அமைப்புகள் சுதந்திரத்துக்குப் பிறகு 1950 நவம்பர் 7 அன்று ஒன்றாயின. அடுத்த ஆண்டு சாரணியர் சங்கமும் வந்து சேர்ந்தது. உங்கள் பையன் இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பது சாதாரணமாகக் கிடைத்துவிட்டது இல்லை தம்பி. அவனுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சரி, தைப்பதற்கு வருவோம். புதுச் சட்டையைத் துவைக்காமல் ஊசியை எடுக்காதீர்கள். பருத்தி கலந்த துணி முதல் துவைப்பில் கொஞ்சம் சுருங்கும். மேலே இருக்கிற பேட்ஜ் அதே அளவுக்குச் சுருங்காது. தைத்த பிறகு துவைத்தால் பேட்ஜைச் சுற்றித் துணி கொசகொசவென்று இழுத்துக்கொள்ளும், எத்தனை இஸ்திரி போட்டாலும் அது சரியாகாது. பேட்ஜில் சிவப்பு எழுத்து இருந்தால் ஈரமான வெள்ளைத் துணியை அதன்மேல் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தனியாகத் தண்ணீரில் ஊறப்போட்டு அலசிக் காயவைத்துவிட்டுத் தைக்கலாம்.

அடுத்து, பையனுக்குச் சட்டையைப் போட்டுப் பாருங்கள். மேசையில் விரித்திருக்கும்போது தோள்பட்டையின் நடு என்று நமக்குத் தோன்றும் இடம், அவன் போட்டுக்கொண்டதும் முன்பக்கமாகச் சரிந்திருக்கும். கையைத் தொங்கப்போட்டு நேராக நிற்கச் சொல்லி, தையல்காரர் சாக்குக்கட்டியால் தோளில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பைக்கு இவ்வளவு பாடு வேண்டாம், ஸ்கேல் வைத்து நடுவைக் குறித்தால் போதும்.

பசையைப் பற்றிக் கேட்டீர்கள். சொட்டு விட்டதும் ஒட்டிக்கொள்ளும் பசையைத் துணிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பருத்தித் துணியில் அது பட்டால் வேகமாக வினைபுரிந்து சூடாகும், தோல் வெந்துபோகிற அளவுக்குக்கூடச் சூடாகும். பிள்ளை போட்டிருக்கும் சட்டையில் கடைசி நேரத்தில் அதை விடுவது ஆபத்து. காய்ந்த பிறகும் அந்த இடம் அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நெஞ்சில் உராயும். முக்கியமாக, பேட்ஜை எடுக்க நினைத்தால் துணியோடு கிழிந்துதான் வரும். சில பேட்ஜுகளின் முதுகில் இஸ்திரிச் சூட்டில் உருகி ஒட்டும் பசைப் பூச்சு இருக்கும். டெரிகாட் சட்டையில் அதிகச் சூடு வைத்தால் துணி பளபளவென்று பொசுங்கிவிடும். ஒட்டினாலும் நாலைந்து துவைப்பில் ஓரம் தூக்கும். மேலே ஒரு பருத்தித் துணியைப் போட்டு மிதமான சூட்டில் லேசாக ஒட்டவிட்டு, நகராமல் பிடித்துக்கொள்ள மட்டும் அதைப் பயன்படுத்தலாம். தையல் அவசியம். சேப்டி பின்னும் வேண்டாம், முகாமில் முதுகுப் பையின் வார் உராய்ந்து திறந்துகொள்ளும்.

இப்போது ஊசி. மெல்லிய ஊசியாக இருக்கட்டும். நூல், பேட்ஜின் ஓரத்தில் சுற்றிவர இருக்கிறதே கனமான விளிம்பு, அதன் நிறத்தில். சட்டையின் நிறத்தில் வேண்டாம். ஒற்றை இழை போதும். இரட்டை நூல் போட்டால் உறுதி என்று நினைப்போம், ஆனால் பிரிக்கும்போது அந்த இரட்டை நூல்தான் துணியை அறுக்கும். பேட்ஜின் நான்கு பக்கத்திலும் குண்டூசி குத்தி, பெரிய பெரிய ஓட்டுத் தையலாக ஒரு சுற்றுப் போட்டு நிறுத்துங்கள். குண்டூசிகளை எடுத்துவிட்டு, விளிம்பை மட்டும் பிடித்து ஹெம்மிங் போல வாருங்கள். ஊசி துணியிலிருந்து மேலே வந்து, விளிம்பின் வெளி நூல்களை மட்டும் கவ்விக்கொண்டு, மீண்டும் துணிக்குள் இறங்க வேண்டும். ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் மூன்று மில்லிமீட்டர் இருந்தால் சரி. நடுப்பகுதியைக் குத்தவே வேண்டாம். எம்பிராய்டரி அங்கே கெட்டியாக இருக்கும், ஊசி வளையும், விரலில் ஏறும், சின்னத்தின் முகமும் குலையும். முடிச்சு பேட்ஜுக்கு அடியில் மறைந்திருக்கட்டும். சட்டையின் உள்பக்கம் விட்டால் உடம்பில் உறுத்தும்.

பையில் தைக்கும்போது எல்லோருக்கும் நடப்பது ஒன்று உண்டு. பேட்ஜ் அழகாக உட்கார்ந்துவிடும், பையின் வாய்க்குள் கைவிட்டால் விரல் போகாது. பையையும் சட்டையையும் சேர்த்துத் தைத்திருப்போம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையைப் பைக்குள் செருகிவிட்டுத் தைத்தால் ஊசி அதைத் தாண்டிப் போகாது. கைப்பகுதிக்கு அட்டை வளையாது, ஒரு எவர்சில்வர் டம்ளரை உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். கடை மிஷினில் இதுதான் தொல்லை. பையைப் பிரிக்காமல் மிஷினுக்குள் தனியாகக் கொடுக்க முடியாது. அவசரத்தில் இருக்கும் தையல்காரர் பையைச் சேர்த்தே ஓட்டிவிடுவார். மிஷின் தையல் பொடியாக, நெருக்கமாக விழும். பிறகு அதைப் பிரிப்பதற்குள் துணி நைந்துபோகும்.

பிரிப்பதைப் பற்றி இவ்வளவு சொல்கிறேனே, எதையெல்லாம் பிரிக்க வேண்டிவரும் என்று கேளுங்கள். இடது கைச் சின்னம்தான் முதலில். முதல் படியான பிரதம சோபான் முடித்தால் ஒன்று, துவிதீய சோபானுக்கு வேறொன்று, திரிதீய சோபானுக்கு இன்னொன்று. புதியது வந்தால் பழையதன் இடத்திலேயே அது உட்காரும், பக்கத்தில் வைக்கக் கூடாது. ஒவ்வொரு படிக்கும் மாதக் கணக்கில் உழைக்க வேண்டும் என்பதால், எடுக்கும்போது சுற்றிலும் சட்டை வெளுத்து, பேட்ஜ் இருந்த இடம் மட்டும் புது நிறத்தில் இருக்கும். அடுத்தது அதே இடத்தில் வருவதால் அது மறைந்துவிடும். அதனால்தான் முதல் பேட்ஜை அளந்து வைக்கச் சொல்கிறேன். அது கோணலாக உட்கார்ந்தால் பின்னால் வருபவையும் கோணலாகத்தான் உட்கார வேண்டும்.

அடுத்தது பொறுப்புப் பட்டைகள். அணித் தலைவனுக்கு இடது பையில் உறுப்பினர் சின்னத்தின் இருபுறமும் இரண்டு வெள்ளைப் பட்டைகள், துணைத் தலைவனுக்கு ஒன்று. பொறுப்பு கை மாறினால் பட்டையும் மாறும். வேறு அணிக்கு மாற்றினால் தோள் நிறமும் மாறும். பையன் வாடினாலும், சட்டையிலிருந்து பழைய பட்டையை அவனே பிரித்துக் கொடுக்கட்டும்.

வலது கை வேறு மாதிரி. சமையல், தோட்டம், சைக்கிள் என்று அவன் ஒவ்வொன்றாகச் சம்பாதிக்கும் திறன் சின்னங்கள் அங்கே சேர்ந்துகொண்டே போகும். முதல் பேட்ஜ் வந்த மகிழ்ச்சியில் அதைக் கையின் நடுவில் தைத்துவிடாதீர்கள். ஜோடி ஜோடியாக வரிசை கட்டும் என்று நினைத்து, மேலே ஒரு பக்கமாக இடம்விட்டுத் தொடங்குங்கள்.

பிரிப்பதும் எளிதுதான். சட்டையை உள்பக்கமாகத் திருப்பி, மூன்று நான்கு தையலுக்கு ஒன்றாகச் சின்னக் கத்தரியால் நூலை வெட்டுங்கள். வெளிப்பக்கம் வந்து பேட்ஜை லேசாகத் தூக்கினால் மீதி தானே வந்துவிடும். மெல்லிய ஊசியில் ஒற்றை இழையில் தைத்திருந்தால் ஓட்டைகள் பொடியாகத்தான் இருக்கும். அந்த இடத்தை நனைத்து, நகத்தால் குறுக்கும் நெடுக்கும் தேய்த்துவிட்டு இஸ்திரி போட்டால் இழைகள் கூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் நீங்கள் ஒருவரே செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. பத்து வயசுப் பிள்ளையால் ஹெம்மிங் போட முடியும். இடம் குறிப்பதும் ஓட்டுத் தையலும் உங்கள் வேலை, விளிம்புத் தையல் அவனுடையது. முதல் பேட்ஜில் தையல் ஏறி இறங்கித்தான் இருக்கும். தயவுசெய்து அவன் தூங்கிய பிறகு அதைப் பிரித்து நேராக்காதீர்கள். முகாமில் பித்தான் அறுந்தால் தைத்துக்கொள்ள அங்கே அப்பா அம்மா இருக்க மாட்டார்கள். இந்தக் கோணல் தையலில்தான் அவன் அதைக் கற்றுக்கொள்கிறான்.

இரண்டு வருஷத்தில் சட்டை அவனுக்குச் சிறுத்துவிடும், சின்னவன் அதைக் கேட்பான். தாராளமாகக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் பேட்ஜுகளை எடுத்துவிட வேண்டும். உறுப்பினர் சின்னம் உட்பட எல்லாவற்றையும். அண்ணன் எடுத்த உறுதிமொழியும் அண்ணன் ஏறிய படியும் தம்பிக்குச் சேராது. எடுத்தவற்றை ஒரு பருத்தித் துணியில் தைத்து மூத்தவனிடமே கொடுங்கள். சின்னவன் வெறும் சட்டையோடு தொடங்கட்டும். தோளில் இயக்கத்தின் பெயர்ப் பட்டை மட்டும் இருக்கலாம், ஆசிரியர் சம்மதித்தால்.