ஒரே துப்பாக்கி, நான்கு பெயர்கள்

கைத்துப்பாக்கியை ஒரு கூட்டுக்குள் வைத்துப் பூட்டினால், அது தோளில் அணைத்துச் சுடும் துப்பாக்கியாகிவிடும். இதற்கென்றே அமெரிக்கச் சந்தையில் விற்கும் கருவிக்குக் 'கார்பைன் கன்வர்ஷன் கிட்' என்று பெயர். கருக்கரிவாளை நீண்ட கழியில் கட்டினால் தொரட்டி ஆகிறதே, அதுபோலத்தான். வெட்டும் அலகு மாறுவதில்லை. பிடிக்கும் விதம் மாறுவதால் எட்டும் தூரம் மாறுகிறது. கையை நீட்டிச் சுடும்போது மணிக்கட்டு சற்று அசைந்தாலும் குறி தப்பும். தோளும் இரு கைகளும் சேர்ந்து தாங்கும்போது அதே தோட்டா இன்னும் துல்லியமாகப் போகும்.

இந்தக் கிட்களில் இரண்டு வகை உண்டு. இஸ்ரேலின் சி.ஏ.ஏ. நிறுவனத்தின் 'ரோனி' முதல் வகை. க்ளாக் போன்ற பிஸ்டலை முழுதாக உள்ளே வைத்து மூடிவிடலாம், குழல் பிஸ்டலுடையதே. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த மெக்-டெக் நிறுவனத்தின் கிட் இரண்டாம் வகை. அதில் பிஸ்டலின் மேல்பாகத்தையே கழற்றிவிட்டு, நீண்ட குழலும் தோள்கட்டையும் கொண்ட வேறொரு மேல்பாகத்தைப் பொருத்துகிறார்கள். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரியான பொருளாகத் தெரியலாம். அமெரிக்கச் சட்டத்துக்கு அவை வெவ்வேறு உலகங்கள்.

அந்த நாட்டின் கூட்டாட்சிச் சட்டம் அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டுதான் துப்பாக்கியைப் பார்க்கிறது. தோளிலிருந்து சுடும் நோக்கத்தோடு செய்யப்பட்டதும், திருகுவரி வெட்டிய குழல் உடையதும் ரைஃபிள். அதன் குழல் 16 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. இரண்டில் ஒன்று குறைந்தாலும் அது 'குறுங்குழல் ரைஃபிள்' ஆகிவிடும். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டுவரை சிறை.

இந்த அளவுகோலைக் கிட்மேல் வைத்துப் பாருங்கள். க்ளாக் 17 பிஸ்டலின் குழல் ஏறத்தாழ நாலரை அங்குலம். தனியாக இருக்கும்வரை அது சாதாரணக் கைத்துப்பாக்கி. தோள்கட்டை உள்ள ரோனிக்குள் வைத்த கணத்தில் அது குறுங்குழல் ரைஃபிள். 16 அங்குலக் குழல் கொண்ட மேல்பாகத்தைப் பொருத்தினாலோ, பதிவு எதுவும் தேவைப்படாத சாதாரண ரைஃபிள். தோள்கட்டையே இல்லாமல், இடக்கையால் பற்றச் செங்குத்தான முன்பிடி ஒன்றை மட்டும் மாட்டினால், அது கைத்துப்பாக்கியும் இல்லை, ரைஃபிளும் இல்லை. 'பிற ஆயுதங்கள்' என்ற நான்காவது வகைக்குப் போய்விடும். அதற்கும் பதிவு வேண்டும். ஒரே பிஸ்டலுக்கு இப்படி நான்கு சட்டப் பெயர்கள். வகை மாறினால் மற்ற விதிகளும் மாறும். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்க 18 வயது போதும். கைத்துப்பாக்கிக்கு 21 ஆக வேண்டும்.

இவற்றில் விளங்காத புதிர் ஒன்று உண்டு. சட்டைக்குள் ஒளித்து வைக்கக்கூடிய பிஸ்டலுக்குக் கூட்டாட்சிப் பதிவு கிடையாது. அதே பிஸ்டலில் கட்டை மாட்டிப் பெரிதாக்கி, ஒளிக்கக் கடினமாக்கினால் பதிவு வேண்டும் என்கிறது சட்டம். ஏன்?

விடை 1934இல் இருக்கிறது. மதுவிலக்குக் காலத்துக் கும்பல் கொலைகளால் அமெரிக்கா கலங்கிப்போயிருந்தது. அட்டர்னி ஜெனரல் ஹோமர் கம்மிங்ஸ் முன்னின்று கொண்டுவந்த மசோதாவின் முதல் வடிவில் இயந்திரத் துப்பாக்கியோடு கைத்துப்பாக்கிக்கும் பதிவும் வரியும் இருந்தன. கைத்துப்பாக்கியைக் கட்டுப்படுத்தினால் ரைஃபிளின் குழலை அறுத்துக் குட்டையாக்கி மறைத்து எடுத்துச் செல்வார்களே என்ற கவலையில், குட்டைக் குழல் துப்பாக்கிகளையும் பட்டியலில் சேர்த்தார்கள். பிறகு எழுந்த எதிர்ப்பில் கைத்துப்பாக்கி மசோதாவிலிருந்து நீங்கியது. அதற்குக் காவலாக வைத்த விதி மட்டும் நீங்கவில்லை. கிட் தொடர்பான குழப்பங்களின் வேர் இதுதான்: காக்க வேண்டிய வாசல் போன பிறகும் காவல் நிற்கிறது.

தோள்கட்டை மாட்டிய பிஸ்டல் அன்றைக்கே பழைய சங்கதி. 1896இல் வந்த ஜெர்மனியின் மௌசர் பிஸ்டலுக்கு மரத்தாலான உறை இருந்தது. அந்த உறையையே கைப்பிடியின் பின்னால் மாட்டினால் தோள்கட்டை. முதல் உலகப் போரில் லூகர் பிஸ்டலின் பீரங்கிப் படை மாடலுக்கும் கட்டை உண்டு. இவ்வகைப் பழைய துப்பாக்கிகள் சிலவற்றை, அசல் கட்டையோடு இருந்தால், சேகரிப்பாளரின் அரும்பொருள் என்று கருதிப் பதிவுக் கட்டாயத்திலிருந்து விலக்கியிருக்கிறார்கள்.

கிட் பற்றிய பெரிய வழக்கு 1992இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. தாம்சன்/சென்டர் நிறுவனம் 'கன்டெண்டர்' என்ற ஒற்றைக் குண்டு பிஸ்டலைச் செய்தது. அதை ரைஃபிளாக மாற்ற, 21 அங்குலக் குழலும் தோள்கட்டையும் கொண்ட கிட்டையும் விற்றது. கட்டையை நீண்ட குழலோடு மாட்டினால் குற்றமில்லை. பிஸ்டலின் 10 அங்குலக் குழலோடு மாட்டினால் குறுங்குழல் ரைஃபிள். பிஸ்டலையும் கிட்டையும் சேர்த்து விற்றாலே குறுங்குழல் ரைஃபிளைத் 'தயாரித்ததாக' ஆகிவிடுமா? நிறுவனம் குறுங்குழல் ரைஃபிளுக்கான 200 டாலர் வரியைக் கட்டிவிட்டு, அதைத் திருப்பித் தரக் கோரி வழக்குத் தொடுத்தது.

ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. நீதிபதி சூட்டர் எழுதிய கருத்து, இந்த இடத்தில் சட்டத்தின் வாசகம் தெளிவாக இல்லை என்றது. மீறினால் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டத்தின் சொற்கள் இருபொருள் தருமானால், குடிமகனுக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்றது. நாம் அறிந்த 'சந்தேகத்தின் பலன்' சாட்சியத்தைப் பற்றியது. இது சட்டத்தின் சொற்களுக்கே தரும் சந்தேகத்தின் பலன். அதே சமயம், சட்டவிரோத ஆயுதம் செய்வதைத் தவிர வேறு பயனில்லாத பாகங்களைச் சேர்த்து வைத்தால், பூட்டாமல் வைத்திருந்தாலும் தப்ப முடியாது என்றும் அந்தக் கருத்து சுட்டியது. நீண்ட குழல் இல்லாத, தோள்கட்டை மட்டும் உள்ள கிட்டைப் பிஸ்டலோடு வீட்டில் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை இது.

மாட்டியதைக் கழற்றினால்? துப்பாக்கிகளை மேற்பார்வையிடும் ஏ.டி.எஃப். பணியகம் 2011இல் இதற்கு விடை தந்தது. பிஸ்டலாகப் பிறந்தது முறையான நீளத்தில் ரைஃபிளாகி, மீண்டும் பிஸ்டலாகலாம். ரைஃபிளாகப் பிறந்ததைப் பிஸ்டலாகக் குறுக்கினால் பதிவு வேண்டும். மாற்றும் வரிசையும் முக்கியம்: கழற்றும்போது கட்டையை முதலில் எடுத்துவிட்டுத்தான் குட்டைக் குழலைப் பொருத்த வேண்டும்.

அடுத்த சிக்கல் 'பிரேஸ்' என்ற முன்கைத் தாங்கியிலிருந்து வந்தது. முழங்கைக்குக் கீழே கட்டிக்கொண்டு, கனமான பிஸ்டலை ஒரு கையால் சுட உதவும் பாகம் அது. அதை மாட்டினாலும் பிஸ்டல் பிஸ்டலே என்று 2012இல் பணியகம் கடிதம் எழுதியது. அதைத் தோளில் வைத்துச் சுட்டால் ஆயுதத்தையே மாற்றியதாகும் என்று 2015இல் சொன்னது. 2017இல் அந்த நிலையைத் தளர்த்தியது. 2023இல் பிரேஸ் உள்ள பெரும்பாலான பிஸ்டல்களைக் குறுங்குழல் ரைஃபிளாகக் கருதும் புதிய விதியை வெளியிட்டது. அந்த விதியை 2024 ஜூனில் டெக்சாஸ் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. ரோனி வகைக் கிட்களும் பிரேஸோடு வருவதால், ஒவ்வொரு திருப்பத்திலும் அவற்றின் தகுதி ஊசலாடியது. பொருளில் ஒரு திருகாணிகூட மாறவில்லை.

1934 முதல் ஏறாத 200 டாலர் வரியும் இப்போது மாறிவிட்டது. 2025 ஜூலை 4இல் கையெழுத்தான சட்டம், குறுங்குழல் ரைஃபிளுக்கான அந்த வரியை 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யமாக்கியது. பதிவு, கைரேகை, புகைப்படம் எல்லாம் தொடர்கின்றன.

துப்பாக்கிக்குக் கடும் கட்டுப்பாடு வேண்டும் என்பவரும், தளர்வு வேண்டும் என்பவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒன்று இங்கே உண்டு. உச்ச நீதிமன்றமே ஐந்துக்கு நான்காகப் பிரிந்து படித்த வாசகத்தை, கடையில் கிட் வாங்குபவர் பிழையில்லாமல் படித்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பதும், தவறினால் பத்தாண்டு சிறை என்பதும் நியாயமில்லை. பணியகத்தின் கடிதங்களால் இது தீராது. ஒளித்து வைக்கக்கூடிய ஆயுதம்தான் அச்சம் என்றால், கைத்துப்பாக்கியைப் பற்றிய 1934இன் கேள்வியை அமெரிக்க நாடாளுமன்றம் மறுபடி எடுக்க வேண்டும். அதற்கு மனமில்லையென்றால், கட்டை மாட்டுவதால் கூடும் ஆபத்து எது என்று சொல்லி இந்தக் கோட்டைப் புதிதாக வரைய வேண்டும். கோட்டின் காரணம் தெரிந்தால்தான், அதன் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைக் குடிமக்கள் அறிய முடியும்.