‘டக் டக்’ நின்றுபோனால்

காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் புது மனையில் வீடு கட்டிய என் மாமா, வாசலில் புல்தரை போட்டு இரண்டு தெளிப்பான்களும் நட்டார். திறந்த அன்றே தண்ணீர் இரண்டடி எழும்பி, எழுந்த இடத்திலேயே விழுந்தது. பிளம்பர் நாசிலை மாற்றிப் பார்த்தார். பிறகு தெளிப்பானையே மாற்றினார். “மாப்ளே, தண்ணி வருது, ஆனா சுத்த மாட்டேங்குது” என்று மாமா போன் செய்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டேன். “வேற எங்கிருந்து, மாடி டேங்க்ல இருந்துதான்.”

நோய் அங்கேதான் இருந்தது. பத்து மீட்டர், அதாவது 33 அடி உயரத்தில் இருக்கும் தண்ணீர், கீழே சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம்தான் தரும். மாமாவின் டேங்க் பதினைந்து அடியில் இருக்கிறது. அரைக் கிலோவுக்கும் குறைவு. சுழலும் தெளிப்பானுக்கு இரண்டு கிலோவாவது வேண்டும். டேங்கை நம்பியே அதை ஓட்டுவதென்றால் ஏகாம்பரநாதர் கோயில் ராஜகோபுரத்தின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்காவது டேங்கைத் தூக்கி வைக்க வேண்டும். அந்தக் கோபுரம் சுமார் 190 அடி. அதைவிட, மோட்டாரிலிருந்து தனியாக ஒரு பைப் இழுப்பது மலிவு. மாமா அதைத்தான் செய்தார், ‘டக் டக்’ என்று ஓட ஆரம்பித்தது.

அந்தச் சத்தத்துக்கு ஒரு கதை உண்டு. 1933-இல் கலிபோர்னியாவின் கிளெண்டோரா ஊரில் ஆர்டன் எங்கிள்ஹார்ட் என்பவர் இந்தத் தட்டும் தெளிப்பானை உருவாக்கினார். பின்னாளில் ‘ரெயின் பேர்ட்’ என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவியது. உள்ளே மின்சாரமோ மோட்டாரோ கிடையாது. நாசிலிலிருந்து பாயும் நீர், எதிரே இருக்கும் சிறு கையின் கரண்டி போன்ற நுனியில் மோதுகிறது. கை விலகுகிறது, ஸ்பிரிங் அதைத் திருப்பி இழுக்கிறது. திரும்பி வரும் கை உடம்பில் ‘டக்’கென்று இடிக்க, தெளிப்பான் ஒரு நூல் அளவு திரும்புகிறது. அவ்வளவுதான். தறிச்சத்தம் மாறினால் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் நெசவாளர்கள் உள்ள ஊர் இது. தெளிப்பானையும் முதலில் காதால்தான் பார்க்க வேண்டும். தட்டல் மெலிந்தால் அழுத்தம் குறைகிறது. கை தட்டுகிறது, உடம்பு திரும்பவில்லை என்றால் அடியில் மணல் ஏறியிருக்கிறது. கையே அசையவில்லை என்றால் ஸ்பிரிங் போய்விட்டது, அல்லது நாசில் அடைத்திருக்கிறது.

அடுத்தது கண். தண்ணீர் விழும் வடிவமே பாதி நோயைச் சொல்லிவிடும். காஞ்சிபுரம் இட்லி மாதிரி நடுவிலிருந்து ஓரம் வரை நிறைந்து விழ வேண்டும். மெதுவடை மாதிரி தூரத்தில் ஒரு வளையமும் நடுவில் காய்ந்த ஓட்டையுமாக விழுந்தால் அழுத்தம் போதவில்லை. நீர்க்கீற்று உடையாமலே போய் விழுகிறது. புகையாகப் பறந்தால் அழுத்தம் அதிகம், பாதித் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகிறது. ஒரு பக்கம் மட்டும் கோணலாகச் சீறினால் நாசில் வாயில் ஏதோ சிக்கியிருக்கிறது.

சிக்குவது இங்கே பெரும்பாலும் இரண்டுதான், மணலும் உப்பும். பாலாற்றுப் படுகையை ஒட்டிய போர்வெல்களில் பொடி மணல் வரும். பைப்பின் தொடக்கத்திலேயே ஒரு ஃபில்டர் போட்டு, வாரம் ஒருமுறை கழுவினால் முக்கால்வாசித் தொல்லை ஒழியும். சிக்கனம் பார்த்து ஃபில்டரை விட்டுவிடுபவர்களிடம்தான் பிளம்பருக்குப் பிழைப்பு நடக்கிறது. உப்பு வேறு விதம். கடினநீர் காய்ந்த இடத்தில் வெள்ளைப் படலம் படிந்து துளையைக் குறுக்கும். நாசிலைக் கழற்றி வினிகரில் ஒரு இரவு ஊறவைத்து, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். ஊசியோ கம்பியோ விட்டுக் குடையாதீர்கள். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் வடிவம் கெட்டுவிடும். தென்னை ஈர்க்கு விடலாம்.

தரைக்குள்ளிருந்து எழும் வகையில் தொல்லை வேறு. தண்ணீர் நின்ற பிறகும் தலை உள்ளே போகாமல் நின்றால் ரப்பர் சீலில் மணல். தாழ்வான இடத்தில் இருக்கும் தலை மட்டும் நெடுநேரம் ஒழுகுகிறதா? அது கசிவல்ல, பைப்பில் மிச்சமிருக்கும் நீர் வடிகிறது. திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு ஒன்று போட்டால் நிற்கும். டைமர் வைத்த அமைப்பில் ஒரு பகுதி திறக்கவே இல்லை என்றால், வால்வின் மேலிருக்கும் சிறு திருகைக் கையால் திருகிப் பாருங்கள். தண்ணீர் வந்தால் குறை 24 வோல்ட் ஒயரிலோ காயிலிலோ, வராவிட்டால் வால்விலோ பைப்பிலோ. மூடாமல் சொட்டிக்கொண்டே இருந்தால் அனேகமாக டயாபிரத்தின் அடியில் ஒரு மணல்துகள். புல்லில் ஓரிடம் மட்டும் எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பைப்தான் உடைந்திருக்கிறது, தோண்டத்தான் வேண்டும்.

எல்லாம் சரிதான், ஆனாலும் திட்டுத்திட்டாகக் காய்கிறதா? ஒரே அளவில் ஆறேழு டப்பாக்களைப் புல்லில் ஆங்காங்கே வைத்துக் கால்மணி நேரம் ஓட்டி, அளவுகோலை விட்டுப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு டப்பாவில் நான்கும் மற்றதில் ஒன்றும் இருந்தால் தெளிப்பான்கள் தள்ளித் தள்ளி நிற்கின்றன. ஒன்றின் நீர் அடுத்ததன் காலடி வரை விழ வேண்டும் என்பதே கணக்கு.

சுவரையும் கவனியுங்கள். உப்புநீர் தினமும் சுவரில் பட்டால், ஈரம் காயும்போது உப்பு துளைகளுக்குள் படிகமாகிப் பூச்சை உதிர்க்கும். கைலாசநாதர் கோயிலின் பல்லவர் காலத்து மணற்கல் சிற்பங்களில் தேய்ந்துபோன முகங்களைப் பார்த்தவர்களுக்கு, ஈரமும் உப்பும் மணற்கல்லுக்கு எவ்வளவு பகை என்று புரியும். வாசலில் விரித்த புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘பெர்முடா’ என்று நர்சரியில் விலை சொல்கிறார்களே, அது பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல்லேதான். இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டாலும் செத்துவிடாது.

விடியற்காலையில் ஓட்டுங்கள், மதிய வெயிலில் வேண்டாம். ஐப்பசியில் மழை பிடித்ததும் டைமரை மறக்காமல் அணைத்துவிடுங்கள். போன வருஷம் மாமா மறந்துவிட்டார்; கொட்டுகிற மழையில் இரண்டு தெளிப்பான்களும் ‘டக் டக்’கென்று சுற்றிக்கொண்டிருந்தன.